பிறப்பதற்கு முன்பு மன வாழ்வு உண்டா? ஒரு விவாத இழை

தெப்பக்குளம் (மயிலாப்பூர்) எழுதியது:

குழந்தை வளர்ப்பு இழையில் வேப்பேரி வாசகர் ஐயா, "கருவறைக் காலத்துக்கு உடலியல் உண்டு, உளவியல் கிடையாது, மனம் பிறந்த பிறகே தொடங்குகிறது" என்று எழுதியிருந்தார். அங்கே பேச்சு தடுப்பூசி அட்டவணைக்குத் திரும்பிவிட்டதால், அவருக்கான மறுப்பைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். நான் உளவளத்துணைப் பணியில் இருப்பவள், உளப்பகுப்பாய்வு மரபில் பயின்றவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேள்விக்கு நூறு வயதாகிறது. உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டின் நெருங்கிய வட்டத்தில் இருந்த ஓட்டோ ராங்க், மனிதப் பதற்றம் அனைத்துக்கும் வேர் தாயின் உடலிலிருந்து பிரியும் அந்த முதல் அதிர்ச்சியில்தான் இருக்கிறது என்று 1924இல் வாதிட்டார். பிறப்பே பதற்றத்தின் முதல் அனுபவம் என்று அதற்கு முன்பே எழுதியிருந்த ஃபிராய்ட், தொடக்கத்தில் இக்கருத்தை ஆர்வத்தோடு பார்த்து, 1926இல் மறுத்தார். மறுத்த அதே நூலிலேயே, பிறப்பு என்னும் பெரும்பிளவைக் கண்டு நாம் எண்ணிக்கொள்வதைவிட, கருவறை வாழ்வுக்கும் குழந்தைப் பருவத்தின் தொடக்கத்துக்கும் இடையே தொடர்ச்சி அதிகம் என்றும் அவர் எழுதினார். ராங்கின் முடிவை நான் முழுமையாக ஏற்பவள் இல்லை. ஆனால் இந்தத் தொடர்ச்சி உண்மை என்றே நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு இப்போது ஆய்வுக்கூடச் சான்றும் இருக்கிறது.

1980இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களின் வாயில் ஒரு ரப்பர்க் காம்பைக் கொடுத்து, சப்பும் தாளத்தை மாற்றினால் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்கும்படி அமைத்தார்கள். சிசுக்கள் தாயின் குரலைக் கேட்பதற்காகத் தம் தாளத்தை மாற்றிக்கொண்டன. 1986இல் டிகாஸ்பரும் ஸ்பென்ஸும், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய்மார் நாள்தோறும் உரக்கப் படித்த ஒரு குழந்தைக் கதையை, புதிய கதையைவிடச் சிசுக்கள் விரும்பிக் கேட்டதைக் காட்டினார்கள். அந்தக் கதையை வேறொரு பெண் படித்தபோதும் அந்த விருப்பம் மாறவில்லை. 2009இல் காத்லீன் வெர்ம்கேயின் குழுவினர், பிறந்து சில நாள்களே ஆன 30 பிரெஞ்சுச் சிசுக்களும் 30 ஜெர்மானியச் சிசுக்களும் அழும் ராகத்தை ஒப்பிட்டார்கள். பிரெஞ்சுச் சிசுக்களின் அழுகை ஏறுமுகமாகவும் ஜெர்மானியச் சிசுக்களின் அழுகை இறங்குமுகமாகவும் இருந்தது. அந்தந்த மொழியின் ஏற்ற இறக்கமும் அதுவே.

குரலை அடையாளம் காண்பது, அதை விரும்புவது, அந்த விருப்பத்துக்காகத் தன் செயலை மாற்றிக்கொள்வது ஆகிய மூன்றும் ஒரு வயதுக் குழந்தையிடம் காணப்பட்டால் மனம் என்கிறோம். அவற்றின் அடித்தளம் பிறப்புக்கு முன்பே இடப்பட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகும் அந்தக் காலத்தை வெறும் உடலியல் என்று ஒதுக்குவது எப்படிச் சரியாகும்?

வேப்பேரி வாசகர் எழுதியது:

அம்மையாருக்கு வணக்கம். தாங்கள் சொன்ன ஆய்வுகள் எதையும் நான் மறுக்கவில்லை. வகுப்பில் நானே அவற்றைக் கற்பிக்கிறேன். அந்த ஆய்வுகளையும் ராங்க் வழிவந்த கோட்பாடுகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன். ஒலிக்குப் பழகுவது ஒன்று. அனுபவம் மனத்தில் பதிந்து, பிற்காலத்தில் அச்சமாகவும் கனவாகவும் திரும்பி வருவது முற்றிலும் வேறொன்று. முதலாவதற்கான சான்றைக் காட்டி இரண்டாவதை ஏற்கச் சொல்வதுதான் இந்தத் துறையில் இடைவிடாது நடந்து வருகிறது.

பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பர் செய்த ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கர்ப்ப காலத்தில் தாய்மார் தினமும் பார்த்த ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையை, பிறந்து இரண்டு முதல் நான்கு நாள்களான சிசுக்கள் அடையாளம் கண்டுகொண்டன. அவற்றின் இதயத் துடிப்பு குறைந்தது, அசைவு அடங்கியது. இடையில் அந்த இசையைக் கேட்காத நிலையில், 21ஆம் நாளில் அடையாளம் கண்டதற்கான தடயமே இல்லை. மூன்று வாரத்தில் கரைந்துவிடும் ஒரு பழக்கத்தின் மீது முப்பது வயதுக்காரரின் பதற்றத்தை எப்படி ஏற்றி வைக்க முடியும்?

பிறப்பை நினைவுகூர்ந்ததாகச் சொல்பவர்களின் கூற்றுகளையும் பார்ப்போம். செக் நாட்டு உளமருத்துவர் ஸ்டானிஸ்லாவ் கிரோஃப், மாயத்தோற்றம் தரும் எல்எஸ்டி என்ற மருந்தைக் கொடுத்து நடத்திய அமர்வுகளில் நோயாளிகள் சொன்னவற்றைக் கொண்டு பிறப்பின் நான்கு கட்டங்களுக்கு நான்கு உள அச்சுகளை வகுத்தார். கனடாவில் நிக்கோலஸ் ஸ்பானோஸ் குழுவினர், பிறந்த மறுநாள் தொட்டிலுக்கு மேல் வண்ணப் பொம்மைகள் தொங்கியிருக்கக்கூடும் என்ற கருத்தைப் பங்கேற்பாளர்களிடம் விதைத்து, அறிதுயில் (ஹிப்னாடிசம்) வழியாகவும் வழிநடத்திய நினைவூட்டல் வழியாகவும் அந்த நாளுக்கு அவர்களை "அழைத்துச் சென்றார்கள்". பெரும்பாலோர் அந்நாளின் காட்சிகளை விவரித்தார்கள். பலர் அவற்றை உண்மை நினைவென்றே நம்பினார்கள். பெரியவர்களின் மிக முந்தைய நினைவு சராசரியாக மூன்று அல்லது மூன்றரை வயதைத்தான் எட்டுகிறது என்ற நிலையில், பிறப்பின் நினைவு என்று சொல்லப்படுவது எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்தப் பரிசோதனையே போதிய விடை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராங்கும் அவருக்குப் பின்வந்தவர்களும் கருவறையை, மனிதன் வாழ்நாளெல்லாம் திரும்ப ஏங்கும் குறையற்ற இன்ப உலகமாகக் காண்கிறார்கள். நம் மரபு அப்படிக் காணவில்லை. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், கருவுக்குள் மாதந்தோறும் உயிர் தப்பிப் பிழைக்கும் இடர்களை வரிசையாக அடுக்கி, பத்தாம் மாதத்தைத் தாயோடு சேர்ந்து படும் துன்பக் கடலாகப் பாடுகிறார். இனியொரு கருப்பையில் புக வேண்டாம் என்பது நம் அடியார்களின் இடையறாத வேண்டுதல். வியன்னாவில் இருந்த ராங்குக்குச் சொர்க்கமாகவும் தில்லையில் பாடியவருக்குத் துயரமாகவும் ஒரே இடம் தோன்றியிருக்கிறது என்றால், இருவரும் பதிவு செய்திருப்பது வளர்ந்த மனிதரின் ஏக்கத்தையும் அச்சத்தையும்தான். சிசுவின் அனுபவத்தை இருவருமே அறிந்திருக்க வழியில்லை.

தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு சிசேரியன். பிறப்புப் பாதையில் நெருக்குண்டு வருவதுதான் பதற்றத்தின் மூலம் என்றால், நம் வகுப்பறைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகள் மற்ற பாதியிலிருந்து வெளிப்படையாக வேறுபட்டிருக்க வேண்டும். அப்படி எந்த ஆசிரியரும் கண்டதில்லை.

கோட்டூர்புரத்தான் எழுதியது:

மொழி கற்றல் குறித்து ஆய்வு செய்யும் மாணவன் நான். இருவரும் தொடாத சில விவரங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

கருவின் செவி ஏறத்தாழ 24 வாரத்துக்குப் பிறகே ஒலிக்கு இசையத் தொடங்குகிறது. 1983இல் பர்ன்ஹோல்ஸும் பெனசெராஃபும், அதிர்வொலி கேட்டதும் கரு கண்ணிமைப்பதை 24, 25 வாரங்களில் முதன்முதலாகக் கண்டார்கள். 28 வாரத்துக்குப் பிறகு அது சீராக நிகழ்ந்தது. தாயின் உடல் உயர்சுருதி ஒலிகளைப் பெரிதும் மட்டுப்படுத்திவிடுவதால், உள்ளே போய்ச் சேர்வது சொற்களைவிடத் தாளமும் குரலின் ஏற்ற இறக்கமும்தான். தாயின் குரல் மட்டும் அவளுடைய எலும்பும் தசையும் வழியாகவும் செல்கிறது. பிறந்த சிசு தன் தந்தையின் குரலை வேறொரு ஆணின் குரலைவிட விரும்புவதில்லை என்று டிகாஸ்பரும் பிரெஸ்காட்டும் 1984இல் கண்டதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். (தந்தைமார் வருந்த வேண்டாம், பிறந்த பிறகு பழக நாள் நிறைய இருக்கிறது.)

சென்னைக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. 2010இல் கனடாவில் பையர்ஸ்-ஹைன்லைன், பர்ன்ஸ், வெர்க்கர் ஆகியோர், கர்ப்ப காலத்தில் ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் மொழியான தகலோகும் கலந்து பேசிய தாய்மாரின் சிசுக்களைப் பரிசோதித்தார்கள். ஆங்கிலம் மட்டும் பேசியவர்களின் சிசுக்கள் ஆங்கிலத்தையே நாடின. இருமொழித் தாய்மாரின் சிசுக்கள் இரண்டையும் நாடின. அதோடு அவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவும் இல்லை, வேறுபாட்டையும் உணர்ந்தன. வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைந்த இந்த ஊரில் இப்படியொரு ஆய்வை நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஹெப்பரின் 21 நாள் முடிவைக் கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ள முடியாது, ஐயா. 2013இல் ஹெல்சிங்கியில் பார்ட்டனன் குழுவினர், கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டைத் தொடர்ந்து கேட்ட சிசுக்களின் மூளை மின்னலைகளில், பிறந்த நான்கு மாதத்துக்குப் பிறகும் அதன் தடயத்தைக் கண்டார்கள். நெதர்லாந்தில் டிரிக்ஸும் நைஹாய்ஸும் 2009இல் 93 கருக்களைப் பரிசோதித்து, 30ஆம் வாரத்தில் பத்து நிமிட நினைவு இருப்பதையும், 34 வாரக் கருக்கள் கற்றதை நான்கு வாரம் கழித்து மீட்டெடுப்பதையும் பதிவு செய்தார்கள். வெளிப்படும் நடத்தையை விடுத்து மூளையின் துலங்கலை அளந்தால் தடயம் நீண்டு நிற்கிறது. ஆனால் அது தாயைப் பிரிந்த ஏக்கத்தின் தடயம் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. ஒரு மெட்டின் தடயம், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற செவிலி (பெரம்பூர்) எழுதியது:

பிரசவ அறையில் பல்லாண்டு வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த ஆய்வுகள் எல்லாம் கடைசியில் கர்ப்பிணிகளிடம் வந்து சேரும்போது விற்பனைச் சரக்காக மாறியிருக்கின்றன. வயிற்றில் கட்டிக்கொள்ளும் ஒலிபெருக்கி, மொசார்ட் இசைத் தட்டு, கணக்குப் பயிற்சி என்று மாதத்தவணையில் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மொசார்ட் இசை அறிவை வளர்க்கும் என்ற கதைக்கு மூலமான 1993ஆம் ஆண்டுப் பரிசோதனை கல்லூரி மாணவர்கள் மீது செய்யப்பட்டது என்றும், அதன் பலனும் சில நிமிடங்களுக்கே நின்றது என்றும் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. வயிற்றின் மீதே ஒலிபெருக்கியை வைத்து உரக்க இசை கேட்பதை நான் எப்போதும் தடுத்தே வந்திருக்கிறேன்.

வளைகாப்பில் கையில் பூட்டும் கண்ணாடி வளையல்களின் ஓசை குழந்தைக்குக் கேட்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதில் தீங்கு ஒன்றும் இல்லை. ஏழாம், ஒன்பதாம் மாதம் என்பதால் கருவின் செவி பற்றிக் கோட்டூர்புரத்துத் தம்பி சொன்ன கணக்கோடும் ஒத்துப்போகிறது. தாயைச் சுற்றிப் பத்துப் பேர் மகிழ்ச்சியாக இருப்பதுதான் அதன் பெரிய பலன். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. "நீ கவலைப்பட்டதால்தான் குழந்தை இப்படிப் பிறந்தது" என்று பெற்றவளிடம் சொல்லும் வாய்களுக்கு இந்தக் கோட்பாடுகள் ஆயுதமாகிவிடுகின்றன. குறைமாதக் குழந்தையைப் பெற்றவளிடம் மாமியாரும் உறவினரும் அப்படிச் சொன்னதைக் கேட்டு நின்றிருக்கிறேன். தெப்பக்குளம் அம்மா இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

சைதாப்பேட்டைத் தாய் எழுதியது:

இந்த இழையைப் படித்த பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இரண்டு இரவுகள் இருந்தோம். மின்சாரம் இல்லை, குடிநீர் இல்லை, என் கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. அப்போது வயிற்றில் இருந்த என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். இரவில் பலத்த மழைச் சத்தம் கேட்டால் நடுங்கி எழுந்து விடுகிறாள். நாங்கள் அழைத்துச் சென்ற ஆலோசகர் ஒருவர், இது கருவறையில் பதிந்த வெள்ளத்தின் நினைவு என்றும், அவளைக் கருவறை நிலைக்குத் திருப்பி அழைத்துச் செல்லும் அமர்வுகள் நடத்தினால் சரியாகும் என்றும் சொன்னார். நான் அன்று அழுததும் பயந்ததும்தான் என் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதா என்று அன்றிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. தயவுசெய்து தெளிவாகச் சொல்லுங்கள்.

தெப்பக்குளம் எழுதியது:

சைதாப்பேட்டை அம்மா, முதலில் உங்களுக்கு. நீங்கள் பயந்தது எந்தக் குற்றமும் இல்லை. அந்த அமர்வுகளுக்கு உங்கள் மகளை அழைத்துச் செல்ல வேண்டாம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மறுபிறப்புச் சிகிச்சை என்ற பெயரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைத் துணியில் சுற்றி, அழுத்தத்தை மீறி அவளாகவே "பிறந்து" வெளியே வரச் சொன்னார்கள். மூச்சுவிட முடியவில்லை என்று அவள் பலமுறை சொல்லியும் நிறுத்தவில்லை. அவள் இறந்தாள், சிகிச்சையாளர்கள் சிறை சென்றார்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட அமர்வுகள் அந்த அளவுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனாலும் இல்லாத நினைவை ஒரு பிள்ளையின் மனத்தில் புகுத்தும் எந்த முறையையும் நான் சிகிச்சை என்று ஒப்ப மாட்டேன். பிறப்புக்கு முன் மனம் உண்டு என்று வாதிடுகிறவள் என்ற முறையில் இதைச் சொல்வது என் கடமை.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, நான் முதலில் கேட்பது அவள் பிறந்த பின் நடந்தவற்றைத்தான். ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் உங்கள் வீட்டில் அரிசி மூட்டையும் பத்திரங்களும் மேலே ஏற்றப்படும். அந்த இரவின் கதை மீண்டும் பேசப்படும். மழை வலுத்தால் பெரியவர்களின் முகம் மாறும். இவற்றைப் பார்த்து வளர்ந்த ஒரு குழந்தை மழைக்கு அஞ்சுவதற்குக் கருவறை வரை போகத் தேவையில்லை. இதை உங்கள் தவறு என்று கொள்ளாதீர்கள். வெள்ளம் கண்ட எல்லா வீடுகளிலும் இப்படித்தான் இருக்கும். இத்தகைய அச்சத்தைச் சிறிது சிறிதாகப் பழக்கித் தணிக்கும் முறைகள் நன்கு சோதிக்கப்பட்டவை; குழந்தைகளுக்கான உளவியலாளரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

செவிலியர் அம்மாவுக்கு என் பதில் ஆய்விலிருந்தே வருகிறது. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தைப் பனிப்புயல் தாக்கி, முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரமின்றித் தவித்தார்கள். சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் மின்சாரம் வரவில்லை. சூசன் கிங் என்ற ஆய்வாளர் அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். எத்தனை நாள் மின்சாரம் இல்லை, வீட்டை விட்டு வெளியேற நேர்ந்ததா என்பன போன்ற புறத் துன்பங்களைத் தனியாகவும், தாய் எவ்வளவு மனம் கலங்கினாள் என்பதைத் தனியாகவும் அளந்தார். பிள்ளைகளின் அறிவுத்திறனிலும் மொழித்திறனிலும் ஐந்தரை வயதில் காணப்பட்ட வேறுபாடுகள் புறத் துன்பத்தோடு ஒத்துப்போயின. தாயின் மனக் கலக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே "நீ கவலைப்பட்டதால்தான்" என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஆய்வு துணை நிற்காது.

வேப்பேரி வாசகர் எழுதியது:

சைதாப்பேட்டை அம்மாவுக்கு அம்மையார் சொன்ன அறிவுரையை நான் அப்படியே வழிமொழிகிறேன். ஆனால் அந்த அறிவுரையே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஒரு பிள்ளையின் அச்சத்தை விளக்க வேண்டிய நேரத்தில், பிறப்புக்கு முந்தைய மனத்தை அவரும் பயன்படுத்தவில்லை.

பனிப்புயல் ஆய்வும் அவருக்கு உதவாது. தாய் உணர்ந்த கலக்கம் கருவுக்குள் மனப்பதிவாகச் செல்கிறது என்பதுதான் உளமருத்துவர் தாமஸ் வெர்னி 1981 முதல் பரப்பிய கருத்து. கிங்கின் ஆய்வில் கணக்கில் நின்றது கலக்கம் இல்லை, புறத் துன்பம். உணவு, உறக்கம், குளிர், கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஆகியவற்றின் வழியாக வளரும் மூளை பாதிக்கப்படுவது உடலியல். 1944–45இல் நெதர்லாந்தில் நிலவிய பட்டினிக் குளிர்காலத்தின் கொடிய மாதங்களில் கருவானவர்களிடையே பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் இருமடங்காகக் காணப்பட்டது. அதைக் கருவின் துயர நினைவு என்று யாரும் சொல்வதில்லை.

மரபணுவின் பங்கையும் மறக்கலாகாது. ஃபிரான்சஸ் ரைஸும் அனிதா தாபரும் 2009இல், சோதனைக்குழாய் முறையில் பிறந்த பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் சிலர் தானமாகப் பெற்ற கருமுட்டையால் பிறந்தவர்கள் என்பதால், சுமந்த தாயோடு மரபணு உறவு இல்லாதவர்கள். தாய் புகைபிடித்ததால் எடை குறைவது இரு வகையிலும் காணப்பட்டது. பிற்கால ஒழுங்குமீறல் மரபணு உறவு உள்ளவர்களிடம் மட்டுமே காணப்பட்டது. கருவறையின் செல்வாக்கு என்று நாம் கருதுவதில் எவ்வளவு பெற்றோரிடமிருந்து வழிவந்தது என்பதை இப்படிப் பிரித்தறியாமல் பேசக்கூடாது.

கோட்டூர்புரத்தான் எழுதியது:

ஐயா குறிப்பிட்ட அதே குழுவினர் 2010இல் தாயின் கர்ப்பகால மன அழுத்தத்தையும் இதே முறையில் ஆராய்ந்தார்கள். அதன் முடிவு ஒரே பக்கம் சாயவில்லை. பிள்ளையின் ஒழுங்குமீறும் நடத்தையோடு அழுத்தத்துக்கு இருந்த தொடர்பு, மரபணு உறவு இல்லாத தாய்-பிள்ளைகளிடமும் காணப்பட்டது. ஆகவே அங்கே மரபணு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. கவனக்குறைவுக் கோளாற்றுக்கான தொடர்பு மரபணு உறவு உள்ளவர்களிடம் மட்டுமே இருந்தது. பிள்ளையின் பதற்றத்துக்கான தொடர்பு, கர்ப்ப காலத்தைவிடத் தாயின் இன்றைய மனநிலையோடு பொருந்தியது. சைதாப்பேட்டை அக்காவுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது: உங்கள் உறக்கமின்மைக்கும் சேர்த்து உதவி பெறுங்கள், அது மகளுக்கும் நன்மை செய்யக்கூடும்.

தெப்பக்குளம் எழுதியது:

ஐயா, கருவின் அனுபவம் எது, உடலியல் எது என்று தாங்கள் போடும் கோடு எனக்கு ஏற்புடையதாக இல்லை. நினைவுகூர முடியாதது மனத்தில் சேராது என்றால், இரண்டு வயதுக் குழந்தைக்கும் மனம் இல்லை என்றாகிவிடும். அந்த வயதின் நிகழ்ச்சி எதையும் வளர்ந்தவர் நினைவுகூர்வதில்லை. இருந்தும் அந்தக் குழந்தை அன்பையும் இழப்பையும் அறியும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

அறிவியலின் பெயரால் இப்படிக் கோடு போட்டது முன்பும் நடந்திருக்கிறது. 1980கள் வரை, பிறந்த சிசுவுக்கு வலியை உணரும் மூளை வளர்ச்சி இல்லை என்று கருதி, போதிய மயக்கமருந்து இல்லாமலேயே அறுவை செய்தார்கள். அசையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள், வலிக்குக் கொடுக்கவில்லை. 1987இல் ஆனந்தும் ஹிக்கியும் சான்றுகளைத் தொகுத்து எழுதிய பிறகே அந்த வழக்கம் மாறத் தொடங்கியது. கருவின் வலி குறித்தும் கருத்து இன்னும் ஒருமிக்கவில்லை. 24 வாரத்துக்கு முன் வலிக்கான மூளை இணைப்புகள் இல்லை என்று 2010இல் சொன்ன பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி, 2022இல் 28 வாரம் வரை அனுபவத்துக்கு வாய்ப்பில்லை என்கிறது. நெடுங்காலம் கருவின் வலியை மறுத்துவந்த ஸ்டூவர்ட் டெர்பிஷைரோ, 2020இல் அதற்கு மிக முன்பே ஒருவகை வலி இருக்கக்கூடும் என்று எழுதினார். இப்படியிருக்க, மனம் பிறந்த பிறகே தொடங்குகிறது என்று உறுதியாகச் சொல்லும் துணிவு எங்கிருந்து வருகிறது?

வேப்பேரி வாசகர் எழுதியது:

ஆனந்தும் ஹிக்கியும் வழக்கத்தை மாற்றியது, சிசுக்களின் அழுத்த ஹார்மோன்களையும் அறுவைக்குப் பிந்தைய உடல்நிலையையும் அளந்து காட்டிய சான்றுகளால். பிறந்த நாளை நினைவுகூர்ந்தவர்களின் சாட்சியத்தால் எந்த வழக்கமும் மாறவில்லை. அளவீட்டுக்கு நான் எப்போதும் தலைவணங்குவேன்.

இரண்டு வயதுக் குழந்தை விழித்திருக்கிறது. இதுவே என் கோட்டின் அடிப்படை. நியூசிலாந்தின் டேவிட் மெல்லர் 2005இல், பெரும்பாலும் செம்மறி ஆட்டுக் கருக்களின் ஆய்வுகளை வைத்து, குறைந்த உயிர்வளியும் அடினோசினும் நஞ்சுக்கொடி சுரக்கும் சில வேதிப்பொருள்களும் சேர்ந்து கருவைத் தொடர் உறக்கத்தில் வைத்திருக்கின்றன என்றும், பிறப்புதான் அதை விழிக்கச் செய்கிறது என்றும் விளக்கினார். உறங்கும் மூளையும் ஒலிக்குப் பழகும். ராங்க் சொன்ன பிரிவுத் துயரத்துக்கோ விழித்த ஓர் உயிர் தேவை.

ஓய்வுபெற்ற செவிலி (பெரம்பூர்) எழுதியது:

அப்படியானால் என் கேள்வி இது. 28 வாரத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கும் குழந்தையும், அதே 28 வாரத்தில் வயிற்றில் இருக்கும் குழந்தையும் ஒரே வயது. இன்குபேட்டர்க் குழந்தை சில நேரம் கண் திறக்கிறது. குதிகாலில் ஊசி குத்தினால் முகம் சுளிக்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு பராமரிப்பு முறைப்படி தாயின் மார்பில் கிடத்தினால், மானிட்டரில் தாறுமாறாக இருந்த எண்கள் அடங்குவதை நானே பல முறை பார்த்திருக்கிறேன். ஐயா சொல்கிறபடி பார்த்தால், இதற்கு மனம் உண்டு, அதற்கு இல்லையா?

வேப்பேரி வாசகர் எழுதியது:

ஆம், செவிலியர் அம்மா, அந்த முடிவை நான் தயங்காமல் ஏற்கிறேன். வயது ஒன்றாக இருந்தாலும் நிலை வேறு. ஒன்று விழித்திருக்கிறது, மற்றொன்று உறக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கடைசி வாரங்களைப் பற்றி மட்டும் கேள்வி திறந்திருக்கிறது. காந்தப்புலக் கருவி கொண்டு கருவின் மூளையை அளந்த ஜெர்மானிய ஆய்வு ஒன்று, 35 வாரத்துக்குப் பிறகு ஒலி வரிசையின் ஒழுங்கு மாறுவதைக் கரு கண்டறிகிறது என்று 2021இல் சொன்னது. அத்தகைய முடிவுகள் பல இடங்களில் மீண்டும் உறுதியானால், கோட்டைப் பிறப்பிலிருந்து சில வாரம் முன்னே நகர்த்த நான் தயார். ராங்க் வரை நகர்த்த மாட்டேன்.

தெப்பக்குளம் எழுதியது:

சில வாரம் நகர்ந்தாலும் "பிறந்த பிறகே" என்ற சொல் அங்கே நிற்காது, ஐயா. ஆட்டுக் கருவின் உறக்கத்தை மனிதக் கருவுக்கு அப்படியே பொருத்தலாமா என்பதும் எனக்கு ஐயமே. நம் கருத்துகள் இங்கே பிரிந்தே நிற்கட்டும். கோட்பாட்டின் பயன் என்ன என்ற கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்: பனிப்புயல் ஆய்வை நம் ஊர் மழைக்காலத்தோடு சேர்த்துப் படித்தால், நிவாரணப் படகு முதலில் யாரிடம் போக வேண்டும் என்பது தெரியும்.

ஓய்வுபெற்ற செவிலி (பெரம்பூர்) எழுதியது:

அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லாரையும் பதிவு செய்து, பிக்மி (PICME) என்ற கர்ப்பப் பதிவு எண் கொடுக்கிறார்கள். எந்தத் தெருவில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்பது சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் நாள் நெருங்கியவர்களை முன்கூட்டியே மருத்துவமனைக்கு அழைத்து வருவதும் வழக்கம்தான்.

கோட்டூர்புரத்தான் எழுதியது:

நாள் நெருங்கியவர்களை மட்டும் அழைத்து வருவது போதாது, அம்மா. கியூபெக் பிள்ளைகளை இரண்டு வயதில் பரிசோதித்தபோது, அறிவிலும் மொழியிலும் பின்தங்கல் கூடுதலாகத் தெரிந்தது கர்ப்பத்தின் முதல் ஆறு மாதங்களில் புயலைச் சந்தித்தவர்களின் பிள்ளைகளிடம்தான். இவை குழுவின் சராசரிகள். சைதாப்பேட்டை அக்காவின் மகளைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம், ஐந்தாம் மாதத்தில் இருப்பவர்களுக்குப் பிரசவ அவசரம் இல்லை என்பதால் நம் பட்டியலில் அவர்கள் கடைசியில் நிற்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அவர்களுக்கும் உலர்ந்த தங்குமிடம், குடிநீர், இரும்புச்சத்து மாத்திரை, குடும்பத்தாரோடு பேசத் தொலைபேசி வசதி ஆகியவற்றை வார்டு வாரியாக ஏற்பாடு செய்யும்படி மாநகராட்சிக்கு மனு ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். பதிவேடு எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்ற பகுதியைத் தாங்கள் எழுதித் தந்தால், ஆய்வுப் பகுதியை ஐயாவும் தெப்பக்குளம் அம்மாவும் சரிபார்த்த பிறகு இங்கேயே பதிவேற்றுகிறேன்.